டிராக்கில் ஓட்ட எந்த பிரேக் பேட், எந்த டிஸ்க்?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட ஸ்விஃப்டுக்குத் துளை போட்ட பிரேக் டிஸ்க் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது துளையைச் சுற்றித்தான் விரிசல் விடும். நல்ல தரமான சாதா டிஸ்க் போதும். ஆசை விடவில்லையென்றால் கோடு வெட்டியது போடுங்கள்.

காசை, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடில் போடுங்கள். கம்பெனி பேட் ஆபீஸ் போய்வரத்தான். டிராக்கில் சூடு மீறிவிட்டால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அதற்காக முழு ரேஸ் பேடுக்கும் போக வேண்டாம். சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது, சிக்னலுக்குச் சிக்னல் கீச்சிடும், டிஸ்க்கையும் தின்னும். ரோடுக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர ரகம் சரி. ஸ்விஃப்டில் பின்னால் டிரம் பிரேக்தானே, அதில் பேட் கிடையாது, முன்பக்கம் மாற்றினால் போதும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குற்றம் பேடில் இல்லை. பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். நாளாக ஆகக் காற்றிலிருந்து ஈரம் இழுத்துவிட்டால் அந்த வரம்பு 155தான். போவதற்கு முன் கட்டாயம் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பெடலை அழுத்திக்கொண்டு நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டாக ஒட்டி, வீடு வரை பெடல் உதறும்.