நானும் எப்போதாவது அடிப்பேன்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறோம். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று என் 9 வயது மகனைக் கணவர் பெல்ட்டால் அடித்தார். மாமியார் தடுக்கவில்லை. என் நகையையும் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள். மூன்று வாரமாகக் காட்பாடியில் அம்மா வீட்டில் இருக்கிறோம். மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். நானும் எப்போதாவது கரண்டியால் ஒன்று போடுவேன்தான், ஆனால் இப்படி இல்லை. கணவர் பிள்ளையைப் பார்க்கவே முடியாதபடி வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, மாமியாரையும் நகையையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் நீதிமன்றம் பார்ப்பது அவன் நலனைத்தான். பெல்ட் அடிக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015, 75-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காகத்தான் அடித்தேன் என்று அவர் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 27-வது பிரிவைக் காட்டுவார். அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பயமெல்லாம் அந்தக் கரண்டி வரிதான்.

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு நடந்தது. நீதிபதி பையனைத் தனியறையில் உட்கார வைத்துப் பேசினார். "அப்பா வேண்டாம்" என்றான். "அம்மா அடிப்பாங்களா?" "கரண்டியால." "அப்பா வேண்டாம்னு யார் சொல்லச் சொன்னது?" "ஆயா" என்று பாட்டியைச் சொன்னான். அந்தத் தாயின் மனுவில் உண்மை நிறைய இருந்தும் அதன்பின் எதுவும் நிற்கவில்லை. வெளியே வந்த பையன், "தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் மகனுக்கு எதையும் சொல்லித் தராதீர்கள், ஆயாவும் தரக்கூடாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தழும்பு மறைந்திருக்கலாம். ஆனால் நின்றுபோன பழக்கம் பயத்தில் திரும்பியிருக்கிறதா, வேறு நோயா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடந்ததை மகனே சொல்லட்டும், அது சீட்டில் ஏறட்டும். அடித்த அன்று போட்டோ எடுத்திருந்தால் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

அப்பாவை அடியோடு தடுக்கவும் வேண்டாம். பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவர் முந்திக்கொண்டு மனுப் போட்டால், நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் நீதிமன்றச் சமரச மையத்துக்குப் போங்கள். இரு வீட்டிலும் யாரும் கைநீட்டுவதில்லை, ஞாயிறன்று பெரியவர் ஒருவர் கூட இருக்க அப்பா பார்க்கலாம், இருவரும் மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும். இவை எழுத்தில் வந்து நீதிமன்ற உத்தரவாக வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, மறுபடி அடித்தாலோ 75-வது பிரிவில் புகார் கொடுப்போம். அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

படுக்கை நனைந்த தேதிகளை ஒரு நோட்டில் குறித்து எடுத்து வாருங்கள். மகனை அழைத்து வர வேண்டாம்.