அணுக்கருவுக்குள் நடக்கும் இழுபறி

கேள்வி: ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள் சிதறாமல் இருப்பது எப்படி?

பதில்: விலக்கத்தான் செய்கின்றன, அதுவும் மூர்க்கமாக. ஒரு மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு ஃபெம்டோமீட்டர் ஆகும். இரண்டு ஃபெம்டோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புரோட்டான்களுக்குக் கூலூம் விதிப்படி கணக்கிட்டால், விலக்கு விசை ஏறத்தாழ 58 நியூட்டன் வருகிறது. ஆறு கிலோ அரிசிப் பையைத் தூக்கும்போது கை உணரும் பாரம் அது. அங்கே அதைத் தாங்குவது ஒற்றைப் புரோட்டான். இதையும் மீறிப் பிடித்து நிறுத்துவதுதான் வலிமைமிகு அணுக்கரு விசை. ஆனால், அதற்குக் கை குட்டை. இரண்டு மூன்று ஃபெம்டோமீட்டரைத் தாண்டினால் அது இல்லாதது போலவே ஆகிவிடும். ஆகவே ஒரு புரோட்டான் தன்னை ஒட்டியுள்ள சில துகள்களை மட்டுமே பற்றிக்கொள்ள, மின்விலக்கமோ மற்ற 81 புரோட்டான்களிடமிருந்தும் வந்து சேர்கிறது.

கேள்வி: நியூட்ரான் இதில் என்ன செய்கிறது?

பதில்: அது மின்னூட்டமற்ற துகள்; பற்றிக்கொள்ளும், ஆனால் விலக்காது. கால்சியம்-40 இருபது புரோட்டானுக்கு இருபது நியூட்ரான் என்று நிலைத்திருக்க, ஈயம்-208க்கு 126 நியூட்ரான்கள் வேண்டியிருக்கின்றன. ஈயத்துக்கு அப்பால் முற்றிலும் நிலையான தனிமம் எதுவும் இல்லை.

கேள்வி: ஈர்ப்பு விசைக்கு அணுவுக்குள் பங்கு உண்டா?

பதில்: கணக்கில் கொள்ளத் தேவையில்லை. இரு புரோட்டான்களுக்கு இடையிலான மின்விலக்கம், அவற்றின் ஈர்ப்பைவிட 1-க்குப் பின் 36 பூஜ்யங்கள் இட்ட அளவுக்குப் பெரியது.

கேள்வி: நியூட்ரான் விலக்காது என்றால், எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாமே?

பதில்: நல்ல கேள்வி. ஒரே வகைத் துகள்கள் ஒரே ஆற்றல் நிலையில் குவிய முடியாது என்பதால், மிகுதியாக வரும் நியூட்ரான்கள் மேல்நிலைகளுக்குப் போக நேர்கிறது. அப்போது வலிமை குறைந்த அணுக்கரு விசை குறுக்கிட்டு, நியூட்ரானைப் புரோட்டானாக மாற்றி, ஓர் எலக்ட்ரானையும் எதிர்நியூட்ரினோ என்னும் மின்னூட்டமற்ற நுண்துகள் ஒன்றையும் வெளியேற்றுகிறது. ஆறு புரோட்டான்களுக்கு எட்டு நியூட்ரான்கள் கொண்ட கார்பன்-14 இவ்வாறே நைட்ரஜனாகிறது. அதில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் பிடிக்கும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று கணித்தது, அதில் மாறாமல் எஞ்சியிருந்த கார்பன்-14 அணுக்களை அளந்துதான்.