பிசாசை எதிர்த்து நிற்க எனக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். ஒன்பது வயது மகள் இரண்டு மாதமாக நடுராத்திரியில் அலறி எழுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜெபக்காரரைக் கூட்டிவந்தார். செய்வினையும் முன்னோர் சாபமும் இருக்கிறதாம். மூன்று நாள் உபவாச ஜெபம், அபிஷேக எண்ணெய் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆகுமாம். நானே பிசாசை அதட்டினால், வேதத்தில் பிசாசைத் துரத்தப் போய் பிசாசு பிடித்தவனிடமே அடிபட்டு ஓடிய ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகளுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் என்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். சாதாரண விசுவாசிக்கு அதிகாரம் கிடையாதா?

பதில்: உண்டு அம்மா. முழுசாக உண்டு. யோவான் 1:12-ஐ எடுத்து வாசியுங்கள். இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் "எத்தனைபேர்களோ, அத்தனைபேர்களும்" தேவனுடைய பிள்ளைகளாகும்படி அவர்களுக்கு அதிகாரம் கொடுத்தார் என்றிருக்கிறது. ஐயர் (சபைப் போதகர்), ஊழியக்காரர், சாதாரண விசுவாசி என்ற பிரிவே அங்கே கிடையாது. பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், ஓடிப்போவான் என்று யாக்கோபு எழுதியதும் (4:7) எல்லாருக்கும்தான். அதே வசனம் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று தொடங்குவதை மட்டும் மறக்க வேண்டாம். இயேசுவிடம் வந்த கப்பர்நகூம் ஊர் நூற்றுக்கு அதிபதிக்கு, அதாவது நூறு போர்வீரர்களின் தலைவனுக்கு, அது புரிந்திருந்தது. தனக்கு மேலே ஒருவர் இருப்பதால்தான் தன் சொல் செல்லுகிறது என்று அவன் அறிந்திருந்தான். உங்கள் அதிகாரமும் அப்படித்தான், அது கர்த்தருடையது. ஆகவே தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

ஸ்கேவாவின் கதையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்போஸ்தலர் 19-ஐ நீங்களே வாசியுங்கள். அந்த ஏழு பேரும் விசுவாசிகள் அல்ல. "பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின்பேரில்" என்று, தங்களுக்குச் சொந்தமில்லாத நாமத்தை மந்திரம்போல உச்சரித்தார்கள். நீங்கள் அந்த நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். அடுத்த வசனங்களையும் படியுங்கள்: விசுவாசித்த எபேசியர் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள், அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு. உங்கள் வீட்டில் யாராவது கட்டிக்கொடுத்த தாயத்து, மந்திரித்த தகடு இருந்தால் நீங்களும் எடுத்துப் போட்டுவிடுங்கள். அதற்கு ஒருவரும் வர வேண்டியதில்லை.

முன்னோர் சாபமா? எசேக்கியேல் 18:20 போதும்: குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை.

அப்படியானால் எண்ணெய் பூசுவதே தவறா என்று கேட்பீர்கள். தவறில்லை. யாக்கோபு 5:14-இல் அது இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அழைப்பது வியாதிப்பட்டவர். வருவது சபையின் மூப்பர்கள், அதாவது உங்களுக்குத் தெரிந்த, உங்கள் சபையிலேயே பதில் சொல்லவேண்டிய மனிதர்கள், அதுவும் ஒருவராக இல்லாமல் பலராக. எண்ணெய் எது என்று சொல்லவில்லை. சமையலறையில் இருப்பதே போதும். விலை என்ற பேச்சே இல்லை. பிசாசுகளைத் துரத்துங்கள் என்று அனுப்பியவரே அதே மூச்சில் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்றார் (மத்தேயு 10:8). ஒருமுறை ஒரு தாய் 300 ரூபாய் கொடுத்து வாங்கிய அபிஷேக எண்ணெயை என்னிடம் கொண்டுவந்தார். கட்டைவிரல் உயரக் குப்பி, மூடியில் சிவப்பு நூல். திறந்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெயில் ரோஜா வாசனை கலந்திருந்தது. அவர் பீடி சுற்றிப் பிழைக்கிறவர்.

இந்த வியாபாரம் வளர்ந்ததற்குத் திருச்சபையாராகிய எங்கள் பங்கும் இருக்கிறது. ஒரு குருவானவர் பல கிராமங்களைப் பார்க்கிறார்; வீட்டுச் சந்திப்பு பண்டிகைக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. திருமண்டலத் தேர்தல், அதாவது பல சபைகள் சேர்ந்த நிர்வாகத்துக்கான தேர்தல், வந்தால் மட்டும் மேடைப்பேச்சுக்கும் வாகனத்துக்கும் எங்கிருந்தோ நேரம் வருகிறது. ராத்திரி ஒரு பிள்ளை அழுதால் போய் நிற்க ஆளில்லாத வீட்டில்தான் தரகர் நுழைகிறார். எத்தனை கூட்டத்தில் சொல்லியும் மாறவில்லை.

சரி, இன்றைக்கு ராத்திரி என்ன செய்வது? மகள் எழுந்தால் விளக்கைப் போடுங்கள், மடியில் கிடத்தித் தலையில் கைவையுங்கள். வழக்கமாகப் பேசும் குரலிலேயே, "இயேசுவின் நாமத்தில் இந்தப் பயம் என் பிள்ளையைவிட்டுப் போ" என்று சொல்லி, அவளுக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பாடுங்கள். "பிசாசு" என்ற வார்த்தையை அவள் காதில் போடாதீர்கள். அப்புறம் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் அலறி எழுந்து காலையில் எதுவும் ஞாபகமில்லாத பிள்ளைகள் அவர்களுக்குப் புதிதல்ல. பள்ளியிலோ வழியிலோ யாராவது பயமுறுத்தினார்களா, தொந்தரவு செய்தார்களா என்று பகலில் பொறுமையாக விசாரியுங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று அந்த ஜெபக்காரர் சொன்னால், அதற்குப் பிறகு அவரை வாசற்படி ஏற்றாதீர்கள்.

மீதி 10,000 கொடுக்க வேண்டாம். கொடுத்த ஐயாயிரத்தைத் திரும்பக் கேளுங்கள். தனியாகப் போகாமல் சபை மூப்பர் ஒருவரையும் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தரமாட்டேன் என்று சாபமிட்டால் பயப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள்.