ரெண்டு சயாவில் யாரை விடுவது?

தம்பி, ரங்கூன் தச்சுப் பட்டறையில் ஒரு சயா (பர்மிய மொழியில் ஆசான்) தொட்டதற்கெல்லாம் திட்டுகிறார், இன்னொருவர் வாயே திறப்பதில்லை, உளியை ஒருவர் 25 டிகிரியில் தீட்டச் சொல்கிறார், மற்றவர் 30 என்கிறார், யாரை விடுவது என்று கேட்டிருக்கீங்க. யாரையும் விடாதீங்க.

முதலில் அந்தக் கணக்கு. ரெண்டும் சரிதான். சரிவை 25-இல் சாணை பிடித்து, முனையை மட்டும் மயிரிழை அகலத்துக்கு 30-இல் தீட்டுவது பழைய வழக்கம். தேக்கில் சிலிக்கா உண்டு, உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மெல்லிய முனை அதில் நிற்காது.

மௌல்மீனில் எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் பேசாதவர்தான். நான் தீட்டிய உளியை வாங்கிக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாகச் சாய்த்து வைப்பார். வழுக்கினால் திருப்பித் தந்துவிடுவார். கடித்து நின்றால் மரத்தை எடுத்து வைப்பார், அவ்வளவுதான். என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று மூன்று மாதம் மனசுக்குள் வெந்தேன். அப்புறம்தான் அவர் கையைப் பார்க்கப் பழகினேன். இப்படிப்பட்டவரிடம் 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது. "ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சயா" என்று கேளுங்க.

திட்டுகிறவர் வேலையைத் திட்டுகிறாரா, உங்களையா? "போட்ட கோட்டைத் தின்னாதே, கோட்டுக்கு வெளியே அறு, கழுந்து தளருது" என்றால் (கழுந்து என்பது துளையில் செருகும் முனை) அது பாடம். பெற்றவர்களை இழுத்தால் தயங்காமல் எழுந்து வந்துடுங்க.

இருவர் முறையையும் ஒரே நாளில் கலக்காதீங்க. ஒரு ஸ்டூலை முழுக்க ஒருவர் சொன்னபடி முடிங்க, அடுத்ததை மற்றவர் சொன்னபடி. ரெண்டு படமும் இங்கே போடுங்க, பார்த்துச் சொல்கிறேன்.