எனக்கும் வீட்டுக்காரருக்கும் இல்லாத ஜி6பிடி குறைபாடு மகனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

மாமியார் வீட்ல உங்க பக்கத்து ரத்தம்தான் சரியில்லன்னு பேசுறாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதப் படிச்சதும் எங்க அக்கா அழுதது ஞாபகம் வந்துட்டு, அதான் எழுதுறேன். ஜி6பிடிங்கறது ரத்தத்துல உள்ள சிவப்பணுவ உடையாம காப்பாத்துற ஒரு என்சைம், அதாவது செல்லுக்குள்ள வேலை செய்ற புரதம். அது கொறஞ்சவங்களுக்கு சில மாத்திரை பட்டா சிவப்பணு உடைஞ்சிரும்.

நாங்க கொளச்சல். அக்கா மவன் மங்களூர்ல மீன்பிடி போட்ல வேலைக்குப் போன இடத்துல வைவாக்ஸ்ங்கற வகை மலேரியா வந்து, அது திரும்ப வராம இருக்க பிரைமாகுயின் மாத்திரைய 14 நாள் போடச் சொல்லி குடுத்துவிட்டாங்க, ஜி6பிடி டெஸ்ட் எடுக்காமலே. மூணாவது நாள் மூத்திரம் கட்டன் சாயா கலர்ல போச்சு, கண்ணு மஞ்சள், நாலு படி ஏற முடியல. மாத்திரைய நிறுத்தி ரத்தம் ஏத்துன பொறவுதான் ஆளு தேறினான்.

அந்த என்சைமுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. ஜீன்ங்கறது ஏ, சி, ஜி, டின்னு நாலு எழுத்துல எழுதின குறிப்பு மாதிரி, அதுல ஒரு எழுத்து மாறினாலே போதும், 563வது இடத்துல சி இருக்க வேண்டியது டி ஆனா மெடிட்டரேனியன் வகை, கடுமையானது, 131ல சி மாறி ஜி ஆனா ஒரிசா வகை, கொஞ்சம் லேசு, நம்ம நாட்ல ரெண்டும் உண்டு. சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, என்சைம் தீர்ந்தா புதுசா செஞ்சுக்க முடியாது, அதனால வயசான செல்லுதான் மொதல்ல உடையும்.

ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணுதான், அது அம்மாகிட்ட இருந்து வர்றது. அம்மாவுக்கு ரெண்டு இருக்கதால பெரும்பாலும் வெளிய தெரியாது, சில பொம்பளைங்களுக்கு மட்டும் தெரியும்.

எங்க வீட்ல எல்லாருக்கும் எடுத்தப்ப அப்பாவுக்குக் குறைவுன்னு வந்துச்சு! 40 வருஷம் வள்ளத்துல தொழிலுக்குப் போன மனுசன், இதால ஒருநாள் படுத்தது கிடையாது, அந்த மாதிரி மாத்திரை அவரு வாய்க்குப் போகல, அவ்வளவுதான். அவரு எக்ஸ் அக்காவுக்கு, ஒய் எனக்கு, அதனால எனக்கு நார்மல். இதுல அக்கா செஞ்ச தப்பு என்ன சொல்லுங்க, இத அவ மாமியார்கிட்டயே உக்காந்து படம் வரைஞ்சு காட்டினேன்.

பையன் பர்ஸ்ல ஒரு சீட்டுல குறைபாட்டோட பேர எழுதி வையுங்க, பிரைமாகுயின், தொழுநோய்க்குக் குடுக்குற டாப்சோன்லாம் ஆகாது, வீட்ல பாச்சா உருண்டையும் வேண்டாம். ரத்தம் உடைஞ்ச சமயத்துல டெஸ்ட் எடுத்தா புது செல்லு நெறைய இருக்கதால நார்மல்னு ஏமாத்திரும், மூணு மாசம் கழிச்சு எடுக்கணும். எளைய பையன் இருந்தா அவனுக்கும் எடுத்துருங்க, நீங்க கேரியரா, அதாவது உங்க ரெண்டு எக்ஸ்ல ஒண்ணுல இந்தக் குறை இருந்தா பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு.