மகள் எமர்ஜென்சி மெடிசின் கேட்கிறாள், கன்சல்டன்சிக்கு ஏன் பணம்?

அமெரிக்காவில் டாலஸில் இருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் மெடிக்கல் காலேஜில் மூன்றாம் ஆண்டு. எமர்ஜென்சி மெடிசினில்தான் ரெசிடென்சி, அதாவது டாக்டர் பட்டத்துக்குப் பிறகான சிறப்புத் துறைப் பயிற்சி, செய்வேன் என்கிறாளாம். "இவ்வளவு படிச்சிட்டு கேஷுவாலிட்டி டாக்டரா? டெர்மட்டாலஜி போகச் சொல்லு" என்று சென்னையில் இருக்கும் அவருடைய அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். போதாததற்கு, சில ஆயிரம் டாலர் கட்டினால் விண்ணப்பத்தைத் தயார் செய்து தருகிறோம் என்று ஒரு கன்சல்டன்சி வேறு.

கவலை புரிகிறது சார். ஆனால் அண்ணன் சொல்வது தவறு. அமெரிக்காவில் எமர்ஜென்சி மெடிசின் 1979-லேயே தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. மூன்று அல்லது நான்கு வருடப் பயிற்சி. 2023-ல் இந்தத் துறையின் 3,010 ரெசிடென்சி இடங்களில் 554 நிரம்பவில்லை என்பது உண்மைதான். 2030-க்குள் ஏறக்குறைய 8,000 டாக்டர்கள் உபரியாவார்கள் என்று 2021-ல் ஒரு கணிப்பு வந்தது. பயந்து பலர் ஒதுங்கினார்கள். அடுத்த ஆண்டே காலியிடம் 135 ஆகச் சுருங்கிவிட்டது. டெர்மட்டாலஜி பற்றி நான் பேசப்போவதில்லை. அவள் அதைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் கவலைப்படும் வரி வேறு. அவள் காலேஜில் எமர்ஜென்சி ரெசிடென்சியே கிடையாது என்கிறீர்கள். இந்தத் துறையில் சாதாரணச் சிபாரிசுக் கடிதம் பெரிதாக எடுபடாது. எஸ்எல்ஓஇ என்ற படிவம் வேண்டும். ஓர் எமர்ஜென்சி பிரிவில் சுமார் நான்கு வாரம் வேலை பார்த்த மாணவியை, அங்குள்ள ஆசிரியர்கள் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு, எங்கள் பட்டியலில் இவளை எந்த இடத்தில் வைப்போம் என்று அதில் எழுதுவார்கள். ரெசிடென்சி இயக்குநர்கள் முதலில் தேடுவது அதைத்தான். எந்த கன்சல்டன்சியும் அதை எழுதித் தர முடியாது. அப்புறம் எதற்குச் சார் பணம்?

இதே நிலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி இலவசமாக இருக்கிறது. ரெசிடென்சி இயக்குநர்களின் சங்கமான கோர்ட், சொந்தக் காலேஜில் இந்தப் பயிற்சி இல்லாத மாணவர்களுக்குத் தனியாக எழுதி இணையத்தில் வைத்திருக்கிறது. தேர்வு செய்கிறவர்களே எழுதியது என்பதால் அவள் அதை முதலில் படிக்கட்டும். அடுத்து, ரெசிடென்ட்களின் சங்கமான எம்ரா நடத்தும் எம்ரா மேட்ச் என்ற தளம். எந்த மாநிலம், மூன்று வருடமா நான்கா, எத்தனை எஸ்எல்ஓஇ கேட்கிறார்கள் என்றெல்லாம் அதில் வடிகட்டிப் பார்க்கலாம். எம்ரா ஹேங்அவுட்ஸ் என்ற நிகழ்ச்சியில் இயக்குநர்கள் ஆன்லைனில் மாணவர்களோடு பேசுகிறார்கள். கேமராவை அணைத்துவிட்டுச் சும்மா உட்காராமல் அவள் கேள்வி கேட்க வேண்டும். ஏலியம் என்ற எமர்ஜென்சி மருத்துவக் கல்வித் தளத்தில், மேட்ச் (ரெசிடென்சி இடம் ஒதுக்கும் முறை) பற்றிய வீடியோக்களைப் பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.

செலவு செய்தே ஆக வேண்டியது ஒன்றுதான்: வெளி ஆஸ்பத்திரி ரொட்டேஷன், அதாவது எஸ்எல்ஓஇ வாங்குவதற்கான அந்த நான்கு வார வேலை. குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு. விமான டிக்கெட், ஒரு மாத வாடகை, சாப்பாடு என்று நன்றாகவே இழுக்கும். கன்சல்டன்சிக்கு எடுத்து வைத்த பணத்தை இதற்குக் கொடுங்கள். செப்டம்பர் கடைசியில் இயக்குநர்கள் விண்ணப்பங்களைப் பிரிப்பதற்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். அதனால் நான்காம் ஆண்டின் ஆரம்பத்திலேயே ரொட்டேஷன் முடிய வேண்டும். ரொட்டேஷனுக்கான விண்ணப்பம் மூன்றாம் ஆண்டிலேயே போக வேண்டும். எந்தத் தேதியில் வெளி ரொட்டேஷனுக்கு அனுப்புவார்கள் என்று காலேஜ் அலுவலகத்தில் இந்த வாரமே அவள் கேட்கட்டும்.

எம்ரா மேட்சில் நீங்கள் உட்கார்ந்து டெக்சஸை மட்டும் டிக் செய்து பட்டியல் அனுப்ப வேண்டாம். வேலைக்குப் போகப்போவது அவள். வடிகட்டுவதும் அவளாகவே இருக்கட்டும்.