ரிப்போர்ட் நோர்மல், உடம்பெல்லாம் வலி: அம்மா வேலைக்குப் போகலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 44 வயது, தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இரண்டு வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை எல்லாம் வலி. இரவு படுத்தாலும் விடியும்போது அடித்துப் போட்டவர்போல எழும்புகிறார். தோட்டத்து மருந்துச்சாலையில் பனடோலும் டைக்ளோபெனக்கும் கொடுக்கிறார்கள். இரத்த ரிப்போர்ட் "நோர்மல்". கடைசியாக கிளினிக்கில் ஒரு டொக்டர் பைப்ரோமயால்ஜியா என்று எழுதி, இரவில் குடிக்க ஒரு சின்னக் குளிசை கொடுத்திருக்கிறார். அது மனநோய் மருந்து என்று யாரோ சொன்னதால் அம்மா அதைத் தொடவில்லை. இதற்குள் ஒருவர் மெஷினோடு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து, "நரம்புத் தளர்ச்சி, மூன்று மாதப் பவுடர் எடுத்தால் சரி" என்றிருக்கிறார். வீட்டில் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் இருக்கிறார்கள். அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தவா, நடக்கச் சொல்லவா, பவுடர் வாங்கவா என்று கேட்கிறார்.

பவுடர் வேண்டாம். முழுநேரப் படுக்கையும் வேண்டாம். குளிசையைக் குடிக்கச் சொல்லுங்கள்.

முதலில் அந்த "நோர்மல்". பைப்ரோமயால்ஜியா என்ற இந்த நோயில் மூட்டு தேய்வதில்லை, தசை கிழிவதில்லை. ஆகவே இரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. ஆள் வந்தால் மட்டும் குரைக்கவேண்டிய நாய் இலை அசைந்தாலும் குரைப்பதுபோல, மூளையும் நரம்பும் சாதாரண அழுத்தத்தையே வலியாக எடுத்துக்கொள்கின்றன. வலி உண்மை. அம்மா நடிக்கவில்லை, சோம்பேறியுமில்லை. இதை அப்பாவும் அண்ணன்மாரும் இருக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

அந்தக் குளிசை பெரும்பாலும் அமிட்ரிப்டிலினாக இருக்கும், உறையில் பெயரைப் பாருங்கள். கூடிய அளவில் மனச்சோர்வுக்குக் கொடுப்பார்கள். 10 மில்லிகிராம் அளவில் இரவில் கொடுப்பது தூக்கத்தை ஆழமாக்கி வலியைக் குறைக்க. வாய் காயும், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். டைக்ளோபெனக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும்தான் கெடும், இந்த வலிக்கு அது பெரிதாக உதவாது.

இனி அந்த மெஷின்காரர். கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் திரையில் கல்சியம், நரம்பு, ஈரல் என்று சிவப்பும் பச்சையுமாகக் காட்டுவார்கள். கம்பியைப் பிடித்து இவற்றை அளக்கும் கருவி உலகத்தில் கிடையாது. அது பவுடர் விற்பதற்கான கருவி. விற்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராக, உறவுக்காரராகவே இருப்பார். அவரையும் யாரோ ஆள் சேர்க்கச் சொல்லிச் சங்கிலியில் மாட்டியிருப்பார்கள். முகத்துக்காக வாங்காதீர்கள். தவணைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். பவுடருக்கென்று நுண்கடன் எடுத்தால், பவுடர் தீர்ந்த பிறகும் கிழமைக்குக் கிழமை கட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

இதைவிட ஆபத்தானது பெயரில்லாத பக்கெட்டில் வரும் "மூலிகை" வலித்தூள். உற்பத்தியாளர் முகவரி இருக்காது, பதிவிலக்கம் இருக்காது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி கூடும், முகம் உருண்டு வரும். அப்படியென்றால் உள்ளே ஸ்டீரோய்ட் கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். பைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீரோய்ட் ஒரு மருந்தே அல்ல. கொடுக்கும் சுகம் கொஞ்ச நாள், பிறகு சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பொடியும். அம்மா ஏற்கனவே அப்படியொன்றைக் கிழமைக்கணக்கில் குடித்திருந்தால் சட்டென்று நிறுத்தவேண்டாம், மயங்கி விழ நேரலாம். பக்கெட்டோடு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு ஊசியில் சுகமாக்குகிறேன் என்று டவுனில் ஊசி போடுபவர்களுக்கும் இதே பதில்தான்.

வேலைக்கு வருவோம். ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2016இல் எல்லாச் சிகிச்சைகளையும் அலசிப் பார்த்து, உறுதியாகச் செய்யச் சொன்னது உடற்பயிற்சியை மட்டும்தான். "மலை ஏறி இறங்குவதே பயிற்சிதானே?" என்று கேட்பார்கள். இல்லை. எட்டு மணித்தியாலம் குனிந்து, தலையில் பாரத்தைக் கட்டி, ஒரே கையசைவில் பறிப்பது சுமை. பயிற்சி என்பது சமதரையில் கை வீசி ஐந்து நிமிடம் நடப்பது. இரண்டு கிழமைக்குப் பிறகு ஏழு நிமிடம், பிறகு பத்து. வலி கொஞ்சம் கூடினால் பயப்படவேண்டாம், அடுத்த நாளும் அதே அளவு நடக்கட்டும்.

இந்த நோயாளிகளைக் கெடுப்பது நல்ல நாள்தான். வலி குறைந்த அன்று கூடுதல் கிலோ பறித்து, வந்து துணி துவைத்து, விறகும் வெட்டுவார்கள். பிறகு மூன்று நாள் எழும்ப முடியாது, மூன்று நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடும். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை என்பதுதான் கணக்கு. பை நிரம்பும்வரை காத்திராமல் பாதியிலேயே இறக்கி வைக்கட்டும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து தோளைச் சுழற்றட்டும்.

விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடி, மாலையில் வந்து மறுபடி அடுப்பில் நிற்பவருக்கு ஓய்வு எங்கே இருக்கிறது? தண்ணீரும் விறகும் இன்றிலிருந்து அண்ணன்மாரின் வேலை. இதைவிடப் பலன் தரும் மருந்தொன்றை என்னால் எழுதித்தர முடியாது. அம்மா இரவு ஒரே நேரத்துக்குப் படுக்கட்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். பனி நேரத்தில் தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைத் தவறவிட்டால் என்னுடைய நடைப் பயிற்சியே அம்மாவைப் படுக்கையில் தள்ளும். சிலருக்கு வலியைவிடக் களைப்புத்தான் நோய். அவர்கள் கொஞ்சம் நடந்தாலும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு விழுந்துவிடும். தலை வேலை செய்யாது, வெளிச்சமும் சத்தமும் தாங்காது, அது பல நாள் நீளும். இது நாட்பட்ட களைப்பு நோய். சும்மா கைகால் உளைச்சல் ஒரு இரவில் தணிந்தால் அது இதுவல்ல. இவர்களுக்கு நேரத்தைக் கூட்டிக்கூட்டி நடக்கவைக்கும் முறையை பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2021இல் வேண்டாமென்று விலக்கியது. அப்படியானால் ஐந்து நிமிடத்தை ஏழாக்காதீர்கள், ஐந்தையும் குறையுங்கள். களைப்பு வருமுன்பே உட்காரவேண்டும், வந்த பிறகு அல்ல. கண்டுபிடிக்க ஒரு வழி: இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் அன்றன்று செய்த வேலை, அடுத்த நாள் நிலை, அதற்கடுத்த நாள் நிலை என்று எழுதுங்கள். மூன்றையும் எழுதுங்கள். இரண்டாம் நாளைப் பார்க்காமல் விடுவதால்தான் இது பிடிபடாமல் போகிறது.

கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். காய்ச்சலென்றால் லீவுக்கு மருத்துவத் துண்டு கிடைக்கும், கண்ணுக்குத் தெரியாத வலிக்குக் கிடைக்காது. தோட்டத்து மருந்துச்சாலைகள் பல இன்னும் அரசாங்க சுகாதார சேவைக்குள் முழுமையாக வரவில்லை. அங்கே இருப்பதைத்தான் கொடுப்பார்கள். இந்த நாட்டின் தேயிலையைப் பறித்த கைகளுக்கு ஒரு வாதநோய் நிபுணரைக் காண தூரத்து டவுன்வரை பஸ் ஏற வேண்டியிருப்பதை எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பது? ஆனாலும் போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு உண்டு, இலவசம். உங்கள் கிளினிக் டொக்டரிடமே கடிதம் கேளுங்கள்.

போகுமுன் ஒன்று. "நோர்மல்" என்ற அந்த ரிப்போர்ட்டில் தைரொய்ட் பார்த்தார்களா, உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் பெரிட்டின் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் இதேபோன்ற களைப்பும் வலியும் வரலாம், இரண்டுக்கும் நேரடி மருந்து இருக்கிறது. தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். மூட்டு வீங்கினாலோ, விடாமல் காய்ச்சல் வந்தாலோ, எடை இறங்கினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம்.

குளிசை உறைகள், கொப்பி, அந்தப் பவுடர் பெட்டி வாங்கியிருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டொக்டர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். நீங்களும் கூடவே உள்ளே போங்கள். வெளியே நிற்கச் சொன்னால், அம்மாவுக்கு மொழிபெயர்க்க வந்தேன் என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள்.